கல்லைக் கேட்ட காதுகள்

அச்சரப்பாக்கம் கல்லுக்கு நடுவே இருக்கும் ஊர். கிழக்கே கடற்கரையில் மாமல்லபுரம். வடக்கே செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள். தெற்கே விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் சேர்க்காமல் கோயில் எடுத்ததாக அதே மன்னன் வெட்டிவைத்த கல்வெட்டு. சம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இந்த நிலத்துக் கரும்பாறைக்குப் புவியியலில் தனிப்பெயரே உண்டு. கல்கத்தாவில் புதைக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அதைச் சார்னக்கைட் என்று அழைத்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையும் அதே இனம்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அந்தப் பல்லாவரத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்த மண்ணில் கைக்கும் கல்லுக்கும் உள்ள உறவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. காதுக்கும் கல்லுக்கும் உள்ள உறவு அந்தப் பேச்சில் வருவதில்லை. காது கேளாமை என்றால் பிறவியில் வந்தது, இல்லாவிட்டால் வயதானால் வருவது என்று பார்த்துப் பழகிவிட்டோம். இரண்டுக்கும் நடுவே, உழைக்கும் வயதில், உழைப்பினாலேயே வரும் காது கேளாமை ஒன்று உண்டு. காரணம் இன்னதென்று ஒப்புக்கொள்ளப்பட்ட காது கேளாமைகள் இதே தமிழ்நாட்டில் ஒவ்வொன்றாகக் கட்டுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. கல் தொழிலாளியின் காது மட்டும் அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. அதற்குக் காரணம் மருத்துவத்தின் இயலாமை என்று நான் நினைக்கவில்லை. தொழில் என்றால் அப்படித்தான் என்று வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் அரசும் சேர்ந்து ஏற்றுக்கொண்டதுதான் காரணம்.

இதில் வேதனையான முரண் ஒன்று இருக்கிறது. சிற்பத் தொழிலின் முதல் தேர்வே காதில்தான் நடக்கிறது. பாறையிலிருந்து பிரித்த கல்லை உளியின் பின்புறத்தாலோ சிறு சுத்தியாலோ தட்டிக் கேட்பது சிற்பிகளின் பழைய முறை. வெண்கல மணி போல நீண்டு ஒலித்தால் ஆண் கல், அதைவிட மெல்லிய ஒலி எழுந்தால் பெண் கல், ஒலியே எழாமல் மொத்தென்று கேட்டால் மூன்றாம் வகை என்று சிற்ப நூல்கள் பிரிக்கின்றன. தெய்வத் திருமேனிக்கு எது, பீடத்துக்கு எது, தரைக்கு எது என்பது அந்த ஒலியைக் கொண்டு தீரும். இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளே கீறல் ஓடாத, துகள்கள் நெருங்கிய கல் அதிர்வை நெடுநேரம் தாங்கும். உள்ளே விரிசலோ சிதைவோ இருந்தால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். மாதக்கணக்கில் உழைத்து மூக்கையும் விரலையும் செதுக்கும் கட்டத்தில் கல் பிளந்தால் எல்லாம் வீண். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளவை முன்கூட்டியே சொல்லும் கருவி அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது. செதுக்கும்போதும் அப்படித்தான். உளி கல்லில் சரியாகப் பிடித்திருக்கிறதா, சறுக்குகிறதா, முனை மழுங்கிவிட்டதா என்பதைக் கை உணர்வதற்கு முன் காது சொல்லிவிடும். இப்படிக் காதை நம்பி வாழும் ஒரு தொழில், அந்தக் காதையே தேய்த்துத் தீர்க்கிறது.

தேய்வது எப்படி என்று தெரிந்தால்தான் அது ஏன் வெளியே தெரிவதில்லை என்பதும் புரியும். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்பு அறியும் குறிப்பாக மாற்றுபவை அவையே. பேரிரைச்சல் அவற்றை வளைக்கிறது. ஓய்வு கிடைத்தால் பல செல்கள் தேறுகின்றன. நாள்தோறும் தொடர்ந்தால் செத்துவிடுகின்றன. மனிதக் காதில் செத்த மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை. வேலை முடிந்த மாலையில் காது அடைத்தாற்போல் இருப்பதும், விடிந்ததும் சரியாகிவிட்டதாகத் தோன்றுவதும் இந்த முதல் கட்டத்தின் அடையாளம். இரைச்சலால் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்சுருதிப் பகுதி. பேச்சில் உயிரொலிகளின் பலம் கீழ்ச்சுருதிகளில் இருக்கிறது. மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுட்பம் மேலே இருக்கிறது. அதனால் இந்த மனிதருக்குப் பேச்சு கேட்கும், விளங்காது. பட்டு, பத்து, பற்று என்பவை ஒன்றாகக் கலந்துவிடும். பெண்களின், குழந்தைகளின் மெல்லிய குரல் முதலில் நழுவும். நேரெதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். பின்னாலிருந்து கூப்பிட்டாலோ கல்யாண வீட்டுக் கூட்டத்திலோ தடுமாறுவார். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கவனமின்மை என்பார்கள், பிடிவாதம் என்பார்கள், கோபக்காரர் என்றுகூட முடிவு கட்டுவார்கள். வலி இல்லை, இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல நடக்கும் இந்த இழப்பை விபத்து என்று யாரும் பதிவு செய்வதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயம். பல்லவர் காலத்திலிருந்து உளியும் சுத்தியும் ஒலித்துக்கொண்டுதானே இருக்கின்றன. அப்போதெல்லாம் சிற்பிகள் செவிடாகவில்லையா? ஆகியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். உலோகத்தையோ கல்லையோ வாழ்நாள் முழுதும் அடிக்கும் எவருடைய காதும் அதற்கு விலை கொடுக்கும். தொழிலாளர் நோய்களைப் பற்றி முதன்முதலில் முழு நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, வெனிஸ் நகரத்துச் செம்பு கொட்டுபவர்கள் நாளெல்லாம் சுத்தியொலியில் இருந்து முதுமையில் முற்றிலும் செவிடாவதை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்துவைத்தார். நம் ஊர்க் கன்னார் தெருக்களும் கொல்லர் உலைகளும் அதற்கு விலக்காக இருந்திருக்க முடியாது. 1886-இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களின் காதுகளைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட முழுமையான செவித்திறன் இல்லை. பழைய கைவினை நலமானது, இயந்திரம்தான் கேடு என்ற எளிய கதை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கையுழைப்பின் இரைச்சலுக்கு ஓர் உள்வரம்பு இருந்தது. கை சோர்ந்தால் சுத்தி நிற்கும். உளியைக் கூர்தீட்டுவதற்கென்று வேலை நிற்கும். அளவு போடவும் கோடு இழுக்கவும் நேரம் போகும். மாமல்லபுரத்தில் பாதியில் விடப்பட்ட குடைவரைகளைப் பார்த்தால் அந்த வேகம் தெரியும். பாறை முகத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, இடையே உளியால் கால்வாய் வெட்டி, ஒவ்வொரு சதுரமாகப் பெயர்த்தெடுத்திருக்கிறார்கள். அடிக்கும் அடிக்கும் நடுவே காதுக்கு ஓய்வு இருந்தது. கல்லைப் பிளக்க வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறிமாறி அடிக்கும் வேலையிலும் அப்படியே.

அந்த ஓய்வைத்தான் மின்சாரம் எடுத்துக்கொண்டது. அழிந்துவரும் கலையைக் காக்க 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, அங்கே கற்பிக்கப்பட்டது உளி வேலை. வை. கணபதி ஸ்தபதி போன்றோர் அந்த நிறுவனத்தை நடத்திய காலத்தில் சிற்பிகளின் தலைமுறையே ஒன்று அங்கிருந்து புறப்பட்டது, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கோயில் திருப்பணிகள் பெருகின, தேவையும் பெருகியது. வைர முனை பதித்த தகடு சுழலும் கட்டிங் மெஷின் பட்டறைகளுக்கு வந்தபின், நாட்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைத் தெருக்களில் ஓங்கி ஒலித்தது அந்த மெஷின்தான். உள்நாட்டுப் பக்கம், மதுராந்தகம், அச்சரப்பாக்கம் வட்டாரத்துக் குவாரிகளில் கம்ப்ரசரும் ஜாக்ஹாமரும் வெடியும் கிரஷரும். சென்னை தெற்கே வளர வளர ஜல்லிக்குத் தேவை கூடியது. ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடு வந்தபின் எம்-சாண்டுக்காகப் பாறையைப் பொடியாக்கும் ஆலைகளும் கூடின. கருங்கல்லில் ஓடும் கட்டிங் மெஷின் 100 டெசிபலை எளிதில் எட்டும். டெசிபல் கணக்கு நாம் பழகிய கூட்டல் கணக்கு அல்ல: 90-க்கும் 100-க்கும் இடையே ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இந்தியத் தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். 95-இல் 4 மணி நேரம். 100-இல் 2 மணி நேரம். 105-இல் ஒரே மணி நேரம். 115-க்கு மேல் ஒரு கணமும் கூடாது. காலையில் மெஷினைப் பிடிக்கும் இளைஞர் தேநீர் நேரத்துக்குள்ளேயே அன்றைய அளவைத் தீர்த்துவிடுகிறார் என்பதுதான் இந்த எண்களின் பொருள். மாலை வரை அவர் நிற்கும் மீதி நேரம் முழுவதும் வரம்பு மீறியது.

மறுபுறம், காது கேளாதோருக்காகத் தமிழ்நாடு செய்தது கொஞ்சமல்ல. அதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. 1890-களில் பாளையங்கோட்டையில் ஃபுளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இந்தியாவின் முதல் சில பள்ளிகளில் அது ஒன்று. பம்பாயும் கல்கத்தாவும் அப்போதுதான் தொடங்கியிருந்தன. காது கேளாதோருக்குச் சைகையை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று 1880-இல் மிலான் மாநாடு தீர்மானித்ததன் நிழல் உலகெங்கும் நீண்டிருந்த காலம் அது. பின்னர் சென்னையில் சாந்தோம், மயிலாப்பூர், அடையாறு என்று பள்ளிகள் வந்தன. 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா மிகச் சிறு வயதிலேயே குழந்தையைக் கண்டறிந்து தாயையும் சேர்த்துப் பயிற்றுவிக்கும் வழியை நிலைநாட்டியது. 1965-இல் மைசூரில் அமைந்த அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இதற்கென்று படித்த வல்லுநர்களை உருவாக்கியது. 2009-இல் தமிழ்நாட்டில் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாகத் தொடரும் ஏற்பாடு, பல இலட்சம் ரூபாய் ஆகும் காக்ளியர் உள்வைப்பை ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையிலேயே, முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகள் உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. இவ்வளவும் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் இந்த வரலாறு நெடுகிலும் அரசின் கண்முன் நிற்பது ஒரு குழந்தை. பேச்சு வருவதற்கு முன் கேட்பை இழந்த குழந்தை. கேட்டும் பேசியும் வாழ்ந்து, நாற்பது வயதில் கேட்பை இழந்த மனிதர் அந்தச் சித்திரத்தில் இல்லை.

அவர் இல்லை என்பதை எண்களே காட்டிக்கொடுக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50.7 இலட்சம் என்றது. காது கேளாமைத் தடுப்புக்கான மத்திய அரசின் தேசியத் திட்டமோ, உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்று, குறிப்பிடத்தக்க செவிக்குறை உடையோர் சுமார் 6.3 கோடி என்கிறது. பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. எண்ணியவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. யாரைக் கேளாதவர் என்று எண்ணுவது என்பதில் உள்ள வேறுபாடு இது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் காது மந்தம் என்று ஏற்கிறது. 70-இலிருந்து காது கேளாமை. 60 டெசிபல் இழப்பு என்றால் சாதாரணப் பேச்சே எட்டாத நிலை. இரைச்சலால் உயர்சுருதிகளை இழந்து, பாதிப் பேச்சை ஊகித்து வாழும் கல் தொழிலாளி பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் நிற்பார். இழப்பீட்டுச் சட்டத்தின் பார்வையும் இதேதான். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நூறு விழுக்காடு ஊன வரிசையில் முழுச் செவிடு இடம்பெற்றிருந்தது. ஒரு நாளில் ஒரு விபத்தில் எல்லாம் போனால் அதற்கு விலை உண்டு. சிறிது சிறிதாகப் போவதற்கு, அதே சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவிக்குறை சேர்க்கப்பட்டிருந்தும், நடைமுறையில் நிரூபிக்கும் பாரம் முழுவதும் தொழிலாளியின் தலையில்தான்.

காரணத்தை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை; காசநோய் மருத்துவமே ஒரு சான்று. தாம்பரம் காசநோய் மருத்துவமனை 1928-இல் டேவிட் சவுரிமுத்து தொடங்கியது; அப்போது தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். காசநோய்க்கு முதல் மருந்தாக 1940-களில் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதே ஊசி உட்காதைத் தாக்கித் தலைசுற்றலையும் காது மந்தத்தையும் தரும் என்பது மருந்து புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கனமைசின், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பிற்காலத்தில் பயன்பட்டது. அதுவும் காதைக் கெடுத்தது. உயிரா காதா என்று கேட்டால் உயிர் என்பதே பதிலாக இருந்த காலம் அது. அந்தப் பதிலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவ உலகம் அதோடு நின்றுவிடவில்லை. காரணம் மருந்துதான் என்று எழுதிவைத்தது, சிகிச்சையின்போது செவிச்சோதனை செய்யச் சொன்னது, மாற்று தேடியது. வாய்வழி மருந்துகள் வந்தபின் உலக சுகாதார நிறுவனம் கனமைசினைக் கைவிடச் சொன்னது. ருபெல்லா இன்னொரு சான்று. கருவுற்ற தாய்க்கு வரும் இந்த அம்மை குழந்தையின் கண்ணையும் காதையும் கெடுக்கும் என்று 1940-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தெரியவந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது வதந்திகளையும் அச்சத்தையும் கடந்து பள்ளிபள்ளியாக ஊசி போட்டார்கள். விதி, பாவம், கிரகணம் என்று தாய்மார்கள் மீது சுமத்தப்பட்ட ஒரு பழி தடுப்பூசிக்கான காரணமாக மாறியது. இரைச்சலுக்கு மட்டும் இந்த மாற்றம் இன்னும் நடக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. அறிவிக்க வேண்டிய தொழில்நோய்கள் பட்டியலில் இரைச்சலால் வரும் செவியிழப்பும் இருக்கிறது. குவாரியும் சட்டத்தின் கண்ணில் சுரங்கம்தான். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1975-லேயே 85 டெசிபலை எச்சரிக்கை அளவு, 90-ஐ அபாய அளவு என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை இருபதாக்கியது. ஓலைக்கொட்டகையின் கீழ் நான்கைந்து பேர் வேலை செய்யும் சிற்பப் பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. குவாரியில் வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய், அவரிடமிருந்து மேஸ்திரிக்குப் போய், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் ஒரு பருவம் மட்டும் வேலை செய்து ஊர் திரும்பும்போது, அவர் காது எங்கே போனது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பிரிட்டனில் தாமஸ் பார் கொதிகலன் தொழிலாளர்களைச் சோதித்தது 1886. தொழில்வழிக் காது கேளாமைக்கு அரசு இழப்பீடு வந்தது 1970-களின் நடுவில். தொழிற்சங்கமும் பதிவேடும் இருந்த நாட்டுக்கே ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின.

இதற்குப் பட்டறை உரிமையாளர்கள் சொல்லும் பதில் வயது. அறுபது வயதில் யாருக்குத்தான் காது சரியாகக் கேட்கிறது? அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. வயதும் உயர்சுருதிகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது, இரண்டு இழப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஆனால் இரைச்சலின் கைவரிசைக்கு ஒரு தடயம் உண்டு. செவிச்சோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்து, அதற்கு மேல் கோடு மறுபடி ஏறும். வயதினால் வரும் இழப்பில் கோடு வழுக்கிக்கொண்டே போகும். முப்பது வயதுக்காரரிடம் அந்தப் பள்ளம் தெரிந்தால் வயதைக் காரணம் காட்ட வழியில்லை. முப்பது வயதில் யாரும் சோதிக்காமல் அறுபதில் சோதித்தால் பள்ளத்தை வயது மூடியிருக்கும். அப்போது உரிமையாளர் சொல்வதே நிற்கும். வேலையில் சேரும் நாளில் ஒரு சோதனை, ஆண்டுக்கு ஒன்று என்ற எளிய ஏற்பாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுதான் விடை. முதல் அளவு இல்லாத இடத்தில் இழப்பைக் காட்டவே முடியாது. 2021 முதல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. கையடக்கச் செவிச்சோதனைக் கருவியை அந்தப் பையில் சேர்ப்பது நிர்வாகத்துக்கு முடியாத காரியமல்ல.

இன்னொரு எதிர்வாதம் தொழிலாளர்களிடமிருந்தே வருகிறது, அதுதான் எனக்கு மிக மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. காதை அடைத்துக்கொண்டால் கல் பேசுவது கேட்காது. மேலே கல் சரிந்தால் ஒருவர் கத்துவதும் கேட்காது. கைநுட்பத்தைக் காது வழியாகக் கற்றவரிடம் பஞ்சடைப்பானைத் திணித்துவிட்டு அவர் அணியவில்லை என்று குறை கூறுவது அறியாமை. ஆனால் கல் பேசும் நேரமும் மெஷின் அலறும் நேரமும் வேறு வேறு. தட்டிப் பார்க்கும்போதும் நுண்வேலையின்போதும் காது திறந்திருக்க வேண்டும். தகடு சுழலும்போது கல்லின் ஒலி எப்படியும் கேட்காது. சிக்கல் என்னவென்றால், ஒரே கொட்டகையில் ஒருவர் மெஷினை ஓட்டும்போது இன்னொருவர் முகம் செதுக்குகிறார். இரைச்சலே செய்யாதவரின் காதும் போகிறது. இது தனிமனிதரின் ஒழுக்கத்தால் தீராது, இடத்தைப் பிரித்தால் தீரும். வெட்டும் வேலைக்கு ஒரு மூலை, நடுவே தடுப்புச் சுவர், வெட்டுவதற்கென்று குறித்த நேரம். கிரஷரில் என்றால் இயந்திரத்தை மூடி, ஆளைத் தள்ளி நிறுத்துவது. சிலிக்காத் தூசியிலிருந்து நுரையீரலைக் காக்கவும் பாதி ஏற்பாடு இதேதான். ஆகவே செலவை இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டியதில்லை.

காது மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். கருவி தேவை, முகாம்களில் தரப்படும் கருவி பலருக்கு வாழ்வைத் திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் கண்ணாடி பார்வையைத் திருத்துவது போல அது கேட்பைத் திருத்திவிடாது. செத்த மயிர்ச்செல் இருந்த இடத்தில் ஒலியைப் பெருக்கினால் ஒலி பெருகும், தெளிவு பெருகாது. மெல்லியது கேட்காது, பலத்தது தாங்காது என்ற குறுகிய இடைவெளிக்குள் கருவியை அளந்து பொருத்த வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவில் வைத்துக் கொடுத்தால் பாத்திரச் சத்தமும் வண்டிச் சத்தமும்தான் முன்னால் வந்து நிற்கும், பெட்டிக்குள் போய்விடும். பேட்டரிக்கும் பழுதுக்கும் காது அச்சுக்கும் யார் பொறுப்பு என்பது தீராவிட்டாலும் அதே கதிதான். பொருத்திய பின் சில வாரங்கள் பழக வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் முகம் பார்த்து, சற்று நிறுத்தி, கத்தாமல் பேசப் பழக வேண்டும். ஓயாத காதிரைச்சல் உள்ளவருக்குத் தூக்கம் கெடும், மனம் சோரும். அதற்கும் ஆலோசனை வேண்டும். பிறவியிலேயே கேளாத பலர் தங்களைக் குறையுள்ளவர்களாக எண்ணாமல், சைகை மொழி பேசும் சமூகமாகப் பார்க்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பார்வை நியாயமானது. 2015-இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் அமைந்தது அதன் வெற்றி. ஆனால் தன் மொழியும் நட்பும் தொழிலும் கேட்பின் மேல் அமைந்திருந்த ஒருவர் ஐம்பது வயதில் அதை இழப்பது வேறு. அவருக்கு ஒரு சமூகம் கிடைப்பதில்லை, இருந்தது கைவிட்டுப் போகிறது. அவருடைய இழப்பைத் தடுத்திருக்க முடியும் என்று சொல்வது சைகை மொழிச் சமூகத்தைச் சிறுமைப்படுத்துவதாகாது.

எங்கே தொடங்குவது என்றால், அரசு தானே கல்லைக் கையில் கொடுக்கும் இடத்தில் தொடங்கலாம். மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வாரத்தில் செவிச்சோதனை, படிப்பு முடியும்போது இன்னொன்று. அதற்கு வேண்டிய செவி வல்லுநர்களும் கருவிகளும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலும், மாவட்டத்தின் பல்கலைக்கழகங்களிலும், முட்டுக்காட்டிலும் உண்டு; எல்லாம் இதே மாவட்டத்துக்குள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் தொழில் வரிசையில் கல் வெட்டுபவரும் கல் உடைப்பவரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். பதிவைப் புதுப்பிக்க வரும் நாளிலேயே அவர்களுடைய காதையும் அளந்து அட்டையில் எழுதலாம். சில ஆண்டுகள் இப்படி அளந்தால், எந்த வேலையில், எத்தனை ஆண்டுகளில், எந்தச் சுருதியிலிருந்து கேட்பு போகிறது என்று செங்கல்பட்டுக் கல் தொழிலுக்கென்று ஒரு கணக்கு கையில் இருக்கும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்கலாம், வேலை நேரம் கேட்கலாம், தடுப்புச் சுவர் கேட்கலாம்.